பதினேழு தப்படி

ஜூலை 1, செவ்வாய்

தர்மராஜ் சார் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கே வந்துவிட்டார். மூன்று வருடம் கழித்து அவரைப் பார்க்கிறேன். தலை நரைத்திருக்கிறது, விசில் மட்டும் அப்படியே கழுத்தில் தொங்குகிறது. துறைமுக வேலைக்குப் போகும்போதும் அதைக் கழற்றுவதில்லை போல.

மாவட்டப் பெண்கள் கிரிக்கெட் அணிக்கு இந்த வருடமும் அவர்தான் கோச். இருபத்திரண்டு பேர். காலை ஆறரையிலிருந்து ஏழே முக்கால் வரைதான் மைதானம், பிறகு ஆண்கள் கிளப் வந்துவிடும். பயிற்சிக்கு அடையாளமாகக் கோன் அடுக்கி, யார் எங்கே நிற்பது என்று சொல்லி முடிப்பதற்குள் அரைமணி நேரம் வீணாகிறதாம். நான் முன்னதாகவே போய் எல்லாவற்றையும் வைத்துவிட்டால் வந்ததும் ஆரம்பிக்கலாம் என்றார். பந்து வீச வேண்டியதில்லையே என்று கேட்டேன்.

"கோன் மட்டும்தாம்மா" என்றார்.

அம்மாவிடமும் அதையே சொன்னேன். கோன் மட்டும்தான். அம்மா என் இடுப்புக்கு மேலே ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். மூன்று வருடத்துக்கு முன் எக்ஸ்ரேயில் டாக்டர் தொட்டுக் காட்டிய இடம். முதுகெலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். ஒரு வருடம் பந்து வீசக்கூடாது என்றார். அந்த ஒரு வருடம் முடிந்த பிறகும் நான் மைதானம் பக்கம் போகவில்லை. கேட்டவர்களிடம் ஆசை விட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். அது உண்மைதான்.

ஜூலை 3, வியாழன்

பையில் இருந்தவை: தட்டை மார்க்கர் முப்பத்தொன்று, உயரமான கோன் பன்னிரண்டு. கோன்களில் இரண்டு நசுங்கியவை.

கேட்ச் பயிற்சிக்கு நீல மார்க்கரில் ஒரு சதுரம். மூலைக்கு ஒருத்தி நின்று அடுத்தவளுக்கு வீச வேண்டும். தரையோடு வரும் பந்தைப் பிடிக்க, ஆறு கோனை வளைத்து வளைத்து ஒரு பாதை. பிட்ச்சில் பேட் பிடிப்பவளுக்குச் சற்று முன்னால், நல்ல லென்த்தில் நாலு சிவப்பு மார்க்கர், ஒரு கோரைப்பாய் அளவு. பந்து அதற்குள் விழ வேண்டும். எல்லாம் வைத்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. வைத்த பிறகு எட்டி நின்று பார்த்தேன். வெறும் பொட்டல் ஒன்று, திடீரென்று யாரோ யோசித்து வைத்த இடமாக மாறிவிட்டது.

வேகப்பந்துக்கு ஒருத்திதான் இருக்கிறாள். பெனிட்டா. பி.காம் இரண்டாம் வருடம், என்னைவிட அரைத் தலை உயரம், பேச்சு குறைவு. பந்து போடும் கோட்டிலிருந்து ஓடத் தொடங்கும் இடத்துக்கு எத்தனை தப்படி என்று கேட்டேன். பதினேழு என்றாள். எனக்கும் பதினேழுதான். அதைக் கேட்டதும் ஏனோ சந்தோஷமாக இருந்தது. இனி அங்கே ஒரு மஞ்சள் மார்க்கரை நானே வைத்துவிடுகிறேன், நீ வந்ததும் ஓடினால் போதும் என்றேன்.

சார் ஒரு சட்டம் போட்டிருக்கிறார். வைத்த மார்க்கரை இடம் மாற்றுகிறவள் மைதானத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட வேண்டும். விக்கெட் கீப்பர் ராஜகனி உடனே கையைத் தூக்கினாள்.

"சார், காத்து தள்ளுனா காத்தும் ஓடணுமா?"

"ஓடும். நீ பின்னாலயே போய்ப் பாத்துட்டு வா."

அவள் ஓடிவிட்டு வந்தாள்.

ஜூலை 7, திங்கள்

காற்றுக் காலம் வந்துவிட்டது. மேற்கிலிருந்து மண்ணை வாரி அடிக்கிறது. தட்டை மார்க்கர்கள் அப்பளம் போலப் பறக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஐந்தேகாலுக்கே போய்விடுகிறேன். வைத்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

பையின் அடியில் தையல் பிரிந்த பழைய பந்து ஒன்று சனிக்கிழமையே கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தேன்.

ஜூலை 10, வியாழன்

வலது தோளில் வலி. பை கனம். நாளையிலிருந்து இடது தோளில் மாட்ட வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

பந்து வீசுகிறவள் கால் தாண்டக் கூடாத கிரீஸ் கோடு இத்தனை நாள் அழிந்தே கிடந்தது. நேற்று சுண்ணாம்பு போட்டார்கள். இன்றுதான் சார் முதல்முறையாக அம்பயர் இடத்தில் நின்று பெனிட்டாவைப் பார்த்தார். இத்தனை நாள் பேட் பிடிப்பவர்களோடு இருந்தார்.

பன்னிரண்டு பந்தில் ஏழு நோ-பால்.

முன்காலின் குதிகால் கோட்டைத் தாண்டி விழுகிறது. கொஞ்சம்தான், ஒரு சாணுக்கு மேல், ஒரு முழத்துக்குள். சார் ஒவ்வொரு முறையும் கையை நீட்டினார். ஏழாவது முறை கையை இறக்காமலே நின்றார். பெனிட்டா தன் ஷூவைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். மஞ்சள் மார்க்கரை அவள் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

காற்றுதான் காரணம் என்று சார் சொல்லிவிட்டார். முதுகுப் பக்கமிருந்து தள்ளுவதால் கால் நீளமாக விழுகிறதாம். தப்படியைச் சுருக்கி ஓடச் சொன்னார். சரியான காரணம் என்றே எனக்கும் பட்டது. இந்தக் காற்றில் ஆளே நகர்ந்துபோகும்.

ஆனால் சுருக்கி ஓடியதில் அவள் ஓட்டம் கெட்டுவிட்டது. முன்பெல்லாம் தண்ணீர் சரிவது போல வருவாள். இப்போது கடைசி மூன்று தப்படியில், கோவில் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைத் தேடுகிறவள் மாதிரி தரையைப் பார்த்துத் தயங்குகிறாள். வேகம் பாதியாகிவிட்டது. அதிலும் நாலு நோ-பால்.

தென்துருவப் பயணங்களைப் பற்றி ஒரு புத்தகம் படிக்கிறேன். போகும்போதே வழியில் உணவைப் புதைத்து, மேலே ஒரு கொடி நட்டுவிட்டுப் போகிறார்கள். திரும்பி வருகிறவன் அந்தக் கொடியை நம்பித்தான் வருகிறான். கொடி நட்டவன் தனக்குத் தெரிந்த கணக்கில் நட்டிருப்பான். வருகிறவனுக்கு அந்தக் கணக்கு தெரியாது, கொடி மட்டும்தான் தெரியும். இந்தப் பக்கத்தில் அடையாளத்தாளை வைத்துவிட்டு மூடினேன். அதற்கு மேல் ஓடவில்லை.

ஜூலை 19, சனி

அடுத்த ஞாயிறு எங்களுக்குள்ளேயே ஒரு மேட்ச். அன்றே திண்டுக்கல் போட்டிக்குப் போகும் பதினான்கு பேரின் பட்டியலைச் சார் படிப்பார். வேகப்பந்துக்கு ஒரே இடம்.

பெண்கள் போன பிறகு நான் கோன்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தேன். சார் பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்தப் பிள்ள இப்படியே போட்டா நான் எப்படிக் கூட்டிட்டுப் போறது? உனக்கு முதுகு இப்ப எப்படியிருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

யோசிப்பதற்கு முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது. சார் என் வலது ஷூவைப் பார்த்தார். அதன் முனை தேய்ந்து, துணி கிழிந்து, விரல் தெரிகிறது. பந்தை விடும்போது பின்கால் தரையில் இழுபடுவதால் பந்து வீசுகிறவர்களுக்கு அப்படித் தேயும். பழைய ஷூ என்று நானாகவே சொன்னேன். அவர் கேட்கவே இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

சரி, எழுதிவிடுகிறேன். இதை யார் படிக்கப்போகிறார்கள்.

ஐந்தாம் தேதியிலிருந்து வீசுகிறேன். முதல் நாள் ஆறு பந்து. இப்போது இருபத்துநாலு. யாரும் வருவதற்கு முன், சிவப்பு மார்க்கர் நாலையும் முதலில் வைத்துவிட்டு வீசுவேன். பந்தை எடுக்க நானே நடந்து போவேன். எழுபது அடி போய், பந்தோடு எழுபது அடி திரும்பி, மறுபடி முதலிலிருந்து. சலிப்பே வரவில்லை. பந்து மார்க்கர்களுக்கு நடுவே விழும்போது மண் கொஞ்சமாகத் தெறிக்கும். மூன்று வருடமாக எதைப் படித்தும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

முதுகு வலிக்கவில்லை. தோள் மட்டும்தான்.

ஜூலை 22, செவ்வாய்

மதியம் பெனிட்டா நூலகத்துக்கு வந்தாள். புத்தகம் எடுக்க அல்ல. ஒரு பழைய பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

அவளுடைய அப்பா விசைப்படகில் போகிறவர். பெயர் பட்டியலில் வந்தால் விளையாடு, வராவிட்டால் ஆகஸ்டிலிருந்து காலை ஆறு மணி பேங்க் பரீட்சை வகுப்பு என்று சொல்லியிருக்கிறாராம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மீனை அரிந்துகொண்டே சொன்னாராம். ஆறு மணி வகுப்பென்றால் மைதானம் இல்லை. அம்மா பனிமய மாதாவுக்கு நேர்ந்திருக்கிறாள். மாதா கோவில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு இன்னும் நாலு நாள்.

"மாதா வந்து என் காலப் புடிச்சா கோட்டுல வைப்பாவ?" என்று கேட்டாள். சிரிக்கவும் செய்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எக்கா, எனக்கு என் காலு மேலயே நம்பிக்கை போயிட்டு. நடந்து வரும்போதுகூட எங்க வைக்கேன்னு பாக்கேன்."

காற்று நின்றால் சரியாகிவிடும் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பட்டியலில் வேறு யார் பெயர் வரக்கூடும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஜூலை 24, வியாழன்

பதினெட்டாவது பந்தை எடுத்துக்கொண்டு திரும்பியபோது சுவர் ஓரத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. பெனிட்டா. தனியாகப் பழகலாம் என்று சீக்கிரம் வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. திருட்டுத்தனமாக எதையோ தின்னும்போது பிடிபட்டவள் மாதிரி எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. கண் விரிந்து கிடந்தது.

"எக்கா, எம்புட்டு வேகம்! இன்னொன்னு போடுங்க."

போட்டேன். அவள் கிரீஸுக்குப் பக்கத்தில் குத்தவைத்து என் கால் விழுந்த இடத்தைப் பார்த்தாள். கோட்டுக்கு இரண்டு விரல் பின்னால் என் குதிகால் தடம். அதே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு தடங்கள்.

"அதே மார்க்கருலருந்துதான ஓடிவாரிய? அதே காத்துதான? உங்களுக்கு மட்டும் எப்படி எக்கா கரெக்டா விழுது?"

நான் மஞ்சள் மார்க்கரைப் பார்த்தேன்.

அவளுக்கும் பதினேழு, எனக்கும் பதினேழு. ஆனால் நடந்தவை என் கால்கள். அவளுடைய தப்படி என்னுடையதைவிட நீளம். பதினேழு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் ஒன்றரை அடி. மார்க்கர் அந்த அளவு முன்னால் இருக்கிறது. அங்கிருந்து ஓடினால் அவள் கோட்டைத் தாண்டித்தான் விழுவாள். வேறு வழியே இல்லை. அவரவர் தூரத்தை அவரவர் காலால் அளக்க வேண்டும் என்பது பந்து வீசுகிறவள் முதல் நாள் கற்றுக்கொள்வது. எனக்குத் தெரியாததா?

தெரியும். ஆனால் அந்த மார்க்கர் பெனிட்டாவுக்காக வைத்ததே இல்லை. தினமும் எனக்காக வைத்தேன். ஆறரைக்கு அவர்கள் வந்ததும் எடுக்காமல் விட்டுவிட்டு, அவளுடையது என்று சொன்னேன்.

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். பழக்கம்தான் என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

யாரிடமும் சொல்லாமல் சரிசெய்துவிட முடியும் என்று நினைத்தேன். காலையில் பழைய பந்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மஞ்சள் மார்க்கரை ஒன்றரை அடி பின்னால் நகர்த்தி, மேலே வேறொரு கல்லை வைத்தேன். அவள் ஓடி வருவாள், கால் சரியாக விழும், காற்று குறைந்துவிட்டது என்று சார் சொல்வார், எல்லோரும் நம்புவார்கள்.

ஓடி வந்தாள். ஒரு வாரமாகச் சுருக்கிப் பழகிய கால்; இப்போது தூரமும் கூடிவிட்டது. கோட்டுக்கு மூன்றடி முன்பே கால் விழுந்தது. அடுத்ததில் நீட்டிப் பார்த்தாள், தாண்டிவிட்டது. அடுத்ததில் நடுவிலேயே நின்றுவிட்டாள். பந்து கையிலேயே இருந்தது. அவள் மார்க்கரை ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால்கூடப் போதும். பார்க்கவில்லை. அக்கா வைத்தது தப்பாக இருக்காது என்று நம்புகிறவளுக்குத் திட்டுவதற்குத் தன் கால்தான் மிச்சம்.

சார் என்னைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடை எடுத்துக்கொண்டு வா என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். உடை இருக்கிறது. கால்சட்டையில் பழைய புல் கறைகூடப் போகவில்லை. தோய்த்துக் காயப்போட்டேன். கொடியில் அது காற்றில் அடித்துக்கொண்டிருந்ததைச் சாயங்காலம் வரை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். 

நான் வேண்டுமென்று செய்யவில்லை. இதை மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். பதினான்காம் தேதியே நான் ஏன் மார்க்கரைப் பார்க்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அல்லது இருக்கிறது.

ஜூலை 26, சனி

இன்று மஞ்சள் மார்க்கரை வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தேன்.

எல்லோரும் வந்து வரிசையாக நின்றதும் சொன்னேன். நூலகத்தில் வேலை பார்ப்பதால் குரல் தாழ்ந்துதான் வரும். சார் இரண்டு முறை "சத்தமாம்மா" என்றார். பெனிட்டாவின் மார்க்கரை என் காலால் அளந்து வைத்தேன் என்று சொன்னேன். அது என் மார்க்கர், காலையில் யாரும் வருவதற்கு முன் நான் அங்கிருந்து பந்து போடுகிறேன் என்றும் சொன்னேன். வியாழக்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது, இரண்டு நாள் சொல்லவில்லை என்றேன். கடைசி வாக்கியத்தைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

சார் விசிலை எடுத்து வாயில் வைத்தார், எடுத்தார்.

"மார்க்கர எடம் மாத்துனா என்ன?"

"ஒரு ரவுண்டு சார்."

"ஓடு."

ஓடினேன். பாதித் தூரத்தில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ராஜகனி. நீ ஏன் வருகிறாய் என்று கேட்டதற்கு, "காத்து வருதான்னு பாக்க வந்தேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மண் விழுந்துவிட்டது என்றேன். அந்தப் பக்கம் முழுக்க மண்தான் எக்கா என்றாள்.

திரும்பி வந்தபோது பெனிட்டா கிரீஸில் நின்றிருந்தாள். என் கையிலிருந்த மார்க்கரை வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டு வாரமா என் காலைத் திட்டிட்டு இருந்தேன்" என்றாள். எக்கா என்று சொல்லவில்லை.

கோட்டிலிருந்து நடக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு தப்படியையும் வாய்விட்டு எண்ணினாள். முதலில் என் மார்க்கர் இருந்த இடத்தில் பழைய கல் மட்டும் கிடந்தது. அதைத் தாண்டிப் போய்த்தான் பதினேழு என்றாள்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. பத்துப் பந்தில் இரண்டு நோ-பால், மூன்று எங்கோ போயின. ஆனால் ஒன்பதாவது பந்துக்கு அவள் தரையைப் பார்க்காமல் ஓடிவந்தாள்.

மாலை ஊர் முழுக்க வெடிச்சத்தம். மாதா கோவிலில் கொடி ஏறியிருக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

நான் வெள்ளை உடையை எடுத்துப் போகவில்லை.

பெனிட்டா நாலு ஓவர் போட்டாள். முதல் ஓவரில் ஒரு நோ-பால். அப்போது அவள் அப்பா வேலிக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் வருவார் என்று அவளுக்கே தெரியாது. மூன்றாவது ஓவரில் ஒருத்தியின் நடு ஸ்டம்ப் பறந்தது. நாலாவதில் ராஜகனி பின்னால் பாய்ந்து ஒரு கேட்ச் எடுத்துவிட்டு, எழுந்திருக்காமல் படுத்தபடியே பந்தைத் தூக்கிக் காட்டினாள்.

சார் பட்டியலைப் படித்தார். ஏழாவது பெயர் பெனிட்டா. திரும்பிப் பார்த்தபோது வேலி ஓரத்தில் சைக்கிள் இல்லை. கேட்டுவிட்டுத்தான் போனார் என்று ராஜகனி சத்தியம் செய்தாள்.

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மூன்று வருடம் விட்டுவிட்டு மூன்று வாரம் போட்டதை வைத்து இந்த வருடம் என் பெயரை எழுத முடியாது என்றார். நான் எதிர்பார்க்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. நானும்தான்.

"முதல்ல டாக்டர்ட்ட காட்டு. அவர் சரின்னா எல்லாரும் இருக்கும்போது வந்து போடு. ஒளிஞ்சு போடுத பந்து யாருக்கும் உதவாது" என்றார்.

கோன்களை அடுக்கலாம் என்று போனால் பையோடு காணவில்லை. பெனிட்டா கொண்டுபோய்விட்டாளாம்.

ஜூலை 31, வியாழன்

மூன்று நாள் மைதானத்துக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். போகிற வழியில் பஸ்ஸில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தாம் தேதியிலிருந்தே தெரியும் என்றாள். தோளுக்குத் தேய்க்கும் தைலப் புட்டி காலியாவதை நானா கவனிக்கமாட்டேன் என்றாள். டாக்டர் புதிய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்துவிட்டு, விரிசல் ஆறிவிட்டது, ஒரு நாளைக்கு இருபது பந்துக்கு மேல் வேண்டாம் என்றார்.

இன்று ஆறரைக்குப் போனேன். கோன்கள் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தன. கேட்ச் சதுரம் கொஞ்சம் கோணல். நான் அதைத் தொடவில்லை. பந்து வீசும் பக்கத்தில் மஞ்சள் மார்க்கர், பெனிட்டாவுடையது, தன் இடத்தில் இருந்தது. அவள் பையைக் கிளறி, விளிம்பு உடைந்த ஒரு சிவப்பு மார்க்கரை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இது உங்களுக்கு. நீங்களே நடந்து வைங்க எக்கா."

இருபத்திரண்டு பேர் பார்க்க, வாய்விட்டு எண்ணிக்கொண்டு நடந்தேன். பதினேழில் வைத்தேன். மஞ்சளுக்கு ஒன்றரை அடி முன்னால். மேலே கல்லும் வைத்தேன்.

பெனிட்டா அம்பயர் இடத்தில் போய் நின்றுகொண்டாள். ராஜகனி ஸ்டம்புக்குப் பின்னால் குனிந்தாள். ஓடினேன். இவ்வளவு பேர் பார்க்க ஓடிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கொஞ்சம் வேகமாகவே ஓடிவிட்டேன்.

நோ-பால். பெனிட்டா கையை நீட்டினாள். நான் மார்க்கருக்குத் திரும்பி நடந்து, பந்தைத் துடைத்து, மறுபடி அவளைப் பார்க்கும்வரை அவள் அந்தக் கையை இறக்கவே இல்லை.